வலந்தலையும் தொப்பியும்: மிருதங்கப் பாணிகளைப் பற்றிச் சில எண்ணங்கள்

மிருதங்கத்தில் தஞ்சாவூர்ப் பாணி பாட்டுக்கு வாசிப்பது, புதுக்கோட்டைப் பாணி கணக்குக்கு வாசிப்பது என்று ஒரே வரியில் பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்கு இல்லாத பாணி எது? ஒருவர் கட்டிய கோர்வையை எழுதிக் கொடுத்தால் இன்னொருவர் அப்படியே வாசித்துவிடலாம். வாசித்த பிறகும் இது இன்னார் கை என்று காது கண்டுகொள்கிறதே, பாணி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கை உருவாவது மேடையில் இல்லை. தினமும் காலையில், யாரும் கேட்காத சாதகத்தில்.

முதல் பாடம் எல்லாருக்கும் ஒன்றே: த, தி, தொம், நம். இதில் ‘நம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். வலந்தலையில், அதாவது வலக்கை வாசிக்கும் முகத்தில், நடுவே உள்ள கரிய கரணையின் ஓரத்தில் மோதிரவிரல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். ஆள்காட்டிவிரல் மீட்டு என்னும் ஓரத் தோலில் விழுந்த கணமே விலக வேண்டும். மோதிரவிரல் கொஞ்சம் அழுந்தினால் நாதம் செத்துப்போகும். விரல் எழும்பிவிட்டால் சுருதி கலையும். இந்த அளவைக் குரு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் காலத்தில், மெதுவாக, அலுப்புத் தட்டும்வரை வாசித்து, அந்த அலுப்பையும் தாண்டி வாசிக்கும்போது விரலே தெரிந்துகொள்ளும். நாலாம் காலத்துக்குத் தாவத் துடிக்கும் பிள்ளைகளை முதல் காலத்தில் பிடித்து வைப்பதுதான் ஆசிரியரின் பெரும்பாடு.

புதுக்கோட்டைப் பரம்பரையின் மூலவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கியவர் என்று போற்றப்படுபவர். அவர் லயம் கற்றது தவில்காரரிடம். அந்தப் பரம்பரையின் கணக்கில் தவிலின் துணிச்சல் தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஒருசேரக் கோலோச்சினார். பெண்கள் மிருதங்கம் தொடுவதே அரிதாக இருந்த காலத்தில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அவரிடம் கற்று மேடையேறினார். அந்த அம்மாளின் பெயர் பல பட்டியல்களில் விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம்.

இந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். வலந்தலை இடப்பக்கம் வரும். ஆகவே மேடையில் பக்கம் மாற்றி உட்கார வேண்டும். எல்லாரும் அதற்கு இசையவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் ஆதரித்து அழைத்துப்போனார். ‘கணக்குப் பாணி’ என்று சொல்பவர்கள் பழனியின் பழைய பதிவுகளைக் கேட்க வேண்டும். சாபு ஒன்று விழுந்தால், அது முழுதாக ஒலித்து ஓயும்வரை அடுத்த சொல்லை வைக்காத நிதானம். மறுமுகமான தொப்பியில் குமுக்கி இழைந்து வரும் அழகு. கணக்கு நடந்தது முடிந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

தஞ்சாவூர்ப் பாணிக்கு வந்தால், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர் பாலக்காடு மணி ஐயர். பாட்டுக்கு வாசிப்பது என்றால் அவர் எல்லாருக்கும் அளவுகோல். பல்லவியில் சங்கதிக்குச் சங்கதி வாசிப்பு நிறம் மாறும். பாடகர் அடுத்து எங்கே இறங்குவார் என்று முன்னமே அறிந்தவர்போல அறுதி வந்து விழும். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருப்பார். அதற்குச் சாகித்யம் மனப்பாடமாக இருந்தால் போதாது, பாடும் தொண்டை எங்கே மூச்சு வாங்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மிருதங்கம் படிப்பவர் தினமும் கொஞ்ச நேரமாவது பாட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பழனி, மணி ஐயர் இருவரோடு ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியையும் சேர்த்து மும்மூர்த்திகள் என்பார்கள். பின்னால் வந்தவர்கள் வேலிக்குள் நிற்கவில்லை. உமையாள்புரம் சிவராமன் ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என நால்வரிடம் கற்றவர். பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971இல் டொரண்டோவுக்குப் போய் யார்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். பாணி கலந்தால் கெட்டுவிடும் என்ற கவலைக்கு இவர்கள் வாசிப்பே பதில்.

நாதத்தைப் பேசிவிட்டு, அதைச் செய்து கொடுப்பவரைப் பேசாமல் விடக்கூடாது. பலாமரக் கட்டை, மாடு, எருமை, ஆடு மூன்றின் தோல், கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் கரணை. மணி ஐயரின் கைக்கு ஏற்றபடி மிருதங்கம் செய்து தந்தவர் பர்லாந்து. அந்த நாதத்தில் பாதி அவருடையது என்று தயங்காமல் சொல்வேன். வித்வான் படம் தொங்கும் அரங்குகளில் அவர் படத்துக்கும் இடம் வேண்டும்.

மணி ஐயர் ஒலிபெருக்கியை எதிர்த்தார். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகளுக்காக வாதாடினார், வாசிக்கவும் செய்தார். இன்று இளைஞர்கள் தங்கள் தொப்பியின் ஒலியைப் பெரும்பாலும் எதிரே வைத்த ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். தொப்பியில் ஒட்டும் ரவை கூடினாலும் குறைந்தாலும் ஒலிப்பதிவாளர் சரிக்கட்டிவிடுகிறார். கை அதை அறிவதே இல்லை. சபாக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த விழாவில், நூறு பேர் உட்காரும் சின்னக் கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கச்சேரி வையுங்கள். ஒரு விளம்பகாலக் கீர்த்தனையாவது பாடட்டும். மிருதங்கத்துக்கு மாணவர் ஒருவரை உட்கார வையுங்கள்.