உயிருள்ள பல்லுக்குக் கேப்: குளிர்க் கூச்சம் யாருடைய குற்றம்?

நரம்பு உயிரோடிருக்கும் பல்லுக்கு நிரந்தரக் கேப் ஒட்டிய பிறகு, ஐஸ் தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூச்சம் எழுவது அரிதான சிக்கல் அல்ல. பெரும்பாலோருக்கு அது சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தானே அடங்கிவிடுகிறது. அடங்காமல் நீளும்போது பழி முதலில் கேப்பின் மேல்தான் விழும்: மட்டமான ரகம் போட்டுவிட்டார்கள், இன்னும் விலை கூடியதைக் கேட்டிருக்கலாம் என்ற பேச்சு வரும். உண்மையில் கேப் எந்தப் பொருளால் ஆனது என்பதற்கு இந்தக் கூச்சத்தில் உள்ள பங்கு சிறியது. பல்லில் எவ்வளவு சீவப்பட்டது, சீவிய பரப்பு எப்படி மூடப்பட்டது, சீவுவதற்கு முன்பே பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் எந்த நிலையில் இருந்தது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன.

பல்லின் வெளி உறையான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டைன் அப்படியல்ல. அதன் ஊடே நுண்குழல்கள் பற்கூழ்வரை ஓடுகின்றன. எனாமலை ஒட்டிய பகுதியில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 குழல்கள் இருக்கும். பற்கூழை நெருங்கும் இடத்தில் 45,000க்கும் மேல், அதோடு விட்டமும் கூடுதல். குழல்களுக்குள் இருப்பது திரவம். குளிர் பட்டால் அது வெளிப்புறமாக நகர்கிறது. அந்த நகர்வே பற்கூழின் ஓரத்தில் உள்ள ஏ-டெல்டா நரம்பிழைகளை உசுப்புகிறது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரம் 1960களில் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. சூட்டுக்குத் திரவம் உள்நோக்கி நகரும். அந்த நகர்வுக்கு இதே நரம்புகள் அவ்வளவு துள்ளுவதில்லை. சூடான காபிக்குச் சும்மா இருக்கும் பல் ஜிகர்தண்டாவுக்கு அலறுவது இதனால்தான்.

இந்தக் குழல்களைத்தான் கேப்புக்கான சீவல் திறந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லில் உலோகத்தின் மேல் செராமிக் பூசிய முழுக் கேப் போட வேண்டுமானால், கடிபரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரையும், பக்கங்களில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் சீவ வேண்டும். முன்பற்களை வைத்து எடல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, முழுக் கேப்புக்காக ஈறுக்கு மேலிருக்கும் பல்லின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு போய்விடுகிறது. நோயாளியிடம் காட்டப்படுவது பளபளப்பான மாதிரிக் கேப்தான். அதன் உள்ளே நிற்கப்போகும் முளையை யாரும் காட்டுவதில்லை. ஒரே அமர்வில் பல லட்சம் குழல்கள் வாய் திறக்கின்றன என்ற கணக்கு, கேப் போடும் முடிவில் எடைபோடப்பட வேண்டிய முதல் குறை.

அடுத்தது சூடு. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் கருவி, தண்ணீர்த் தெளிப்பு சரியாக இல்லாவிட்டால் பற்கூழையே சுட்டுவிடும். ரீசஸ் குரங்குகளின் பற்களில் ஜாக், கோஹன் இருவரும் 1965இல் காட்டியது இது: பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது, 15 விழுக்காடு பற்களில் பற்கூழ் மீளவில்லை. சீவி முடித்த பல்லின் மேல் நெடுநேரம் காற்றடித்து உலர்த்துவதும் குழல்களின் திரவத்தை வெளியே உறிஞ்சுகிறது. இவை எல்லாம் மரத்துப்போன வாயில் நடப்பதால் நோயாளிக்குத் தெரிவதில்லை. வீட்டுக்குப் போய் மரப்பு இறங்கிய பிறகுதான் கணக்கு வெளியே வரும்.

சிமென்ட்டைப் பற்றிய பேச்சு இந்தத் துறையில் தேவைக்கு மேலேயே நடந்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் புழங்கும் துத்தநாக பாஸ்பேட் சிமென்ட் குழைத்தவுடன் கடும் அமிலமாக இருக்கும். ஓரிரு நாளில் அது ஏறத்தாழ நடுநிலைக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் வில்சன், கென்ட் இருவரும் 1972இல் அறிவித்த கிளாஸ் அயனோமர் ஒட்டுசிமென்ட்டாகப் பரவியபோது, கூச்சம் கூடுகிறது என்ற புகார் அதன் மேலும் எழுந்தது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பொடியும் திரவமும் அளவு தப்பிக் குழைத்தது, பல்லை எலும்புபோல் உலர்த்திவிட்டு ஒட்டியது போன்ற கைப்பிழைகள் சிமென்ட்டின் பெயரில் ஏறிவிட்டன என்பதே பொருத்தமான முடிவு. அமிலத்தைவிடத் தீங்கானது ஓரக் கசிவு. கேப்பின் விளிம்பு பல்லோடு சரியாக உட்காராவிட்டால், சிமென்ட் கரைந்த இடைவெளியில் கிருமிகள் புகுந்து பற்கூழை விடாமல் நச்சரிக்கும்.

கடி உயரமும் இப்படித்தான் கவனம் தப்புகிறது. கேப் ஒட்டிய கையோடு, நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, பட்ட புள்ளிகளைத் தேய்த்துச் சரிசெய்வது வழக்கம். ஊசி போட்டு மரத்திருக்கும் நோயாளி 'சரியாக இருக்கிறது' என்று தலையாட்டுவதில் பொருள் குறைவு. அவருக்குத் தாடையே தன்னுடையதாகத் தெரியாது. மறுநாள் சாப்பிடும்போது அந்தப் பல்தான் முதலில் முட்டும். முட்டி முட்டி வேரைச் சுற்றிய தசைநார் நொந்து, கடித்தால் வலி, குளிர்ந்தால் கூச்சம் என்று இரண்டும் சேர்ந்து வரும். இதைத் தீர்ப்பது மிக எளிது: பத்து நிமிடத் தேய்ப்பு. கேப் போட்ட பல்லின் குறைகளில் இவ்வளவு மலிவாகத் தீர்வது வேறில்லை. ஆகவே, தொடர்ந்து கூசும் பல்லில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, கேப் ஏன் போடப்படுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவர்கள் மெலிந்து, பெரிய அடைப்பை மட்டும் நம்பி நிற்கும் கடைவாய்ப் பல்லைப் பிளக்காமல் காப்பதில் அதற்கு ஈடு குறைவு. ஐந்தாண்டு கடந்தும் நிலைத்திருக்கும் கேப்புகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். சில பற்களில் குளிர்க் கூச்சத்துக்கு மருந்தே கேப்தான். விரிசல் விட்ட பல் கடிக்கும்போது இம்மியளவு விரிந்து மூடும். அதனால் குழல் திரவம் ஆடிக் கூசும். அந்த விரிசலைச் சுற்றிப் பிடித்துக் கட்டும் கேப் கூச்சத்தையும் நிறுத்துகிறது. ஆனாலும் உறுதிமொழி தர முடியாது. மீளக்கூடிய அழற்சி என்று கருதப்பட்ட 127 விரிசல் பற்களுக்குக் கேப் போட்டுப் பின்தொடர்ந்த கிரெல், ரிவேரா ஆய்வில் (2007), ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குள் ரூட் கேனால் தேவைப்பட்டது.

இதை வைத்துத்தான் இந்தியாவில், தமிழ்நாட்டிலும், வேரூன்றிய ஒரு பழக்கத்தை எடைபோட வேண்டும்: கூச்சம் வந்து தொலைக்கும் என்று, நோயற்ற பல்லுக்கும் முன்னெச்சரிக்கையாக ரூட் கேனால் செய்துவிட்டுக் கேப் போடுவது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. அடுத்தடுத்து சொத்தை, அடைப்பு, சீவல் என்று அடிபட்ட பற்கூழ், வெளியே நலமாகத் தெரிந்தாலும் அடுத்த அடியைத் தாங்காது என்று அபு-ராஸ் 1982இல் எழுதினார். கேப் ஒட்டிய பிறகு ரூட் கேனால் என்றால் கேப்பையே துளைக்க வேண்டும். செராமிக் தெறிக்கலாம், பிடிப்பு தளரலாம், செலவும் இரட்டிக்கும். நோயாளியின் கோபம் தனிக்கணக்கு.

எண்கள் இந்த நியாயத்துக்கு முழுமையாகத் துணை வரவில்லை. ஹாங்காங்கில் உயிருள்ள பற்களுக்குப் போட்ட உலோக-செராமிக் கேப்புகளைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். தனிக் கேப்புக்கு அடியில் பற்கூழ் செத்தது ஏறத்தாழ 16 விழுக்காடு. இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜைத் தாங்கிய பற்களில் 32 விழுக்காட்டை ஒட்டி. அப்படியானால், தனிக் கேப்புக்கு முன் ரூட் கேனால் செய்யப்படும் ஆறு பற்களில் ஐந்துக்கு அது வீண் வேலை. பிரிட்ஜுக்கு, அதுவும் சாய்ந்த பல்லை நிறையச் சீவ நேர்ந்தால், அந்த வாதத்துக்குச் சற்றுக் கனம் கூடுகிறது. நரம்பை எடுத்த பல் இழப்பதும் சிறிதல்ல: உட்புற டென்டைன் குறைந்து பலம் குன்றும், கேப்பின் விளிம்பில் புதிதாகச் சொத்தை விழுந்தால் வலித்து எச்சரிக்க ஆளிருக்காது. கூச்சத்தைத் தவிர்ப்பதற்காகக் கூசும் உறுப்பையே அகற்றுவது மருத்துவரின் வசதிக்குச் சரி. பல்லுக்குச் சரியென்று சொல்ல முடியாது.

சரியான மாற்று, சீவலைக் குறைப்பதில் இருக்கிறது. சுவர் நன்றாக நிற்கும் பல்லுக்குக் கடிபரப்பை மட்டும் மூடும் ஒன்லே போதும். முழுக் கேப்தான் வேண்டும் என்றால், சீவிய அன்றே டென்டைனைப் பிணைப்புப் பசையால் அடைத்துவிட்டு அச்செடுக்கும் முறை உண்டு. நிரந்தரக் கேப் வரும்வரை தற்காலிகக் கேப் இருக்கும் வாரங்களில் குழல்கள் திறந்து கிடக்காமல் அது காக்கிறது. குழந்தைகளின் பால் கடைவாய்ப் பற்களில் ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் கையாண்ட முறை இன்னும் ஒரு படி மேல்: சீவாமல், ஊசியும் போடாமல், ஆயத்த எஃகுக் கேப்பைச் சொத்தையின் மேலேயே சிமென்ட்டால் அழுத்தி மூடிவிடுவார்கள். பெரியவர்களின் பல்லுக்கு அது பொருந்தாது. ஆயினும், நன்றாக மூடினாலே பற்கூழ் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல சான்று.

கூச்சம் நீடிக்கும் பல்லைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஊசி மூடிக்குள் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த சிறு பனிக்குச்சியை, கேப்பின் விளிம்பிலும் பக்கத்துப் பற்களிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. கூசுவது பல வேளைகளில் கேப் போட்ட பல்லாகவே இருக்காது. சீவும்போது உரசப்பட்ட அண்டைப் பல்லாகவோ, ஈறு இறங்கி வேர் வெளித்தெரியும் வேறொரு பல்லாகவோ இருக்கும். ரூட் கேனால் முடிந்த பல்லில் குளிர்க் கூச்சம் என்று ஒருவர் சொன்னால், பக்கத்துப் பல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை இரண்டு முதல் நான்கு வாரங்களில் வெளித்தெரியும் வேரின் கூச்சத்தைத் தணிக்கும். கேப்புக்கு அடியில் அழற்சி கண்ட பற்கூழுக்கு அதனால் பயனில்லை.

குளிரை எடுத்ததும் சில நொடிகளில் வலி மறைந்தால் பற்கூழ் மீளக்கூடியது. கடி உயரத்தைப் பார்த்துவிட்டுச் சில வாரங்கள் பொறுக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்று தெறித்தாலோ, சூட்டுக்கும் வலிக்கத் தொடங்கினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ பொறுப்பதில் பொருளில்லை. அந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் ரூட் கேனால்தான். நாளாகக் கூசிய பல் ஒருநாள் திடீரென்று எதற்கும் கூசாமல் போவதும் நலத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. பற்கூழ் செத்திருந்தாலும் அப்படித்தான் அடங்கும். தற்காலிகக் கேப்பிலேயே கூச்சம் குறையாத பல்லின் மேல் நிரந்தரக் கேப்பை ஒட்ட நாள் குறித்திருந்தால், அந்த நாளைத் தள்ளிப்போடச் சொல்லி நோயாளி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.