கோங்க்: கல்லும் கல்லும் சேரும் இடம்

பிரான்சின் தெற்கே, அவேரோன் மலைமடிப்புகளுக்குள் கோங்க் என்றொரு சிற்றூர். ஊஷ் ஓடை தூர்தூ ஆற்றில் போய்ச் சேரும் இடத்துக்கு மேலே, செங்குத்தான சரிவில், பெரிய தேவாலயம் ஒன்றைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், ஊர் அவ்வளவுதான். லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் இடைக்காலம் தொட்டு இங்கே தங்கிப் போகிறார்கள். இந்த ஊரின் அழகை எங்கே தேடுவது என்று கேட்டால், இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் தேடுங்கள் என்பேன்.

கூரையிலிருந்தே தொடங்கலாம். இங்கே கூரைக்கு ஓடு கிடையாது. உள்ளூர் மலையில் வெட்டிய சிஸ்ட் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து வேய்கிறார்கள். அந்தப் பலகைக்கு லோஸ் என்று பெயர். இறவாணத்தில் அகலமான பெரிய பலகைகள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் உள்ளங்கை அளவாகிவிடுகின்றன. ஒவ்வொன்றின் நுனியும் மீன் செதில்போல வளைவாகக் கொத்தப்பட்டிருக்கும். மழைநீர் அந்த வளைவில் வழிந்து நடுவுக்கு வந்து அடுத்த கல்லின் முதுகில் சொட்டும். பக்கத்து இடுக்குக்குள் புகாது. அழகுக்காகச் செய்ததா, மழைக்காகச் செய்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாதபடி இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கின்றன. கூம்புக் கோபுரங்களை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். வளைந்த பரப்பில் தட்டையான கல்லை அடுக்குவதென்றால், ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்துக்கென்று தனியாகச் சீவியாக வேண்டும். அந்தப் பொறுமை தெருவில் நிற்பவர் கண்ணுக்கே தெரிகிறது. மழை பெய்து ஓய்ந்ததும் சாம்பல் கல் கறுத்து, உள்ளிருக்கும் அப்பிரகத் துகள் வெள்ளியாய் மினுங்கும்.

சேன்த் ஃபுவா தேவாலயம் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. ரோமானியர் காலத்தில் ஆழான் நகரில் உயிர்நீத்த ஒரு சிறுமியின் பெயர் அது. அவளுடைய எச்சங்களை 9ஆம் நூற்றாண்டில் இங்குள்ள துறவி ஒருவர் அங்கிருந்து கவர்ந்து வந்தார் என்பது ஊரின் பழங்கதை. ஊர் பெருகியது அந்த எச்சங்களைத் தேடி வந்த கூட்டத்தால்தான். தேவாலயச் சுவரில் மூன்று கற்கள் சேர்ந்திருக்கின்றன: மஞ்சள் சுண்ணாம்புக்கல், செந்நிற மணற்கல், சாம்பல் சிஸ்ட். ஒன்றின் நிறம் முடிந்து மற்றொன்று தொடங்கும் கோடுகளைப் பின்தொடர்ந்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

ஆனால் ஊருக்கு உயிர்நாடி மேற்கு வாசலின் நெற்றிச் சிற்பம். அகலம் 6.7 மீட்டர், பொருள் இறுதித் தீர்ப்பு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது. உருவங்கள் மொத்தம் 124. வாசல் வளைவு ஆழமாக இருப்பதால் மழை படாமல், இன்றும் நீலமும் சிவப்பும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கிறிஸ்து, வலக்கை உயர்ந்து, இடக்கை தாழ்ந்து. அதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். என் கண் கொஞ்சம் கீழே இறங்கித் தராசில் நிற்கிறது. ஒருபக்கம் மிக்கேல் தேவதூதர், எதிரே பிசாசு. இருவர் முகமும் நேருக்கு நேர். பிசாசு தன் விரலால் தட்டை மெல்ல அழுத்திக் கள்ள எடை போடப் பார்க்கிறது. நல்வினைத் தட்டு அதற்கும் மசியவில்லை. ஒரு விரலை வைத்து ஒரு நாடகத்தையே நடத்தியிருக்கிறார் பெயர் தெரியாத அந்தச் சிற்பி.

அதற்கும் கீழே சொர்க்க வாசலும் நரக வாசலும் ஒட்டியே இருக்கின்றன. நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் தேவதூதர் ஒருவர் நல்லவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்; கதவின் கீலும் பூட்டும்கூட நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் தலைமயிர் சிலிர்த்த பிசாசு, ஒருவனை ஒரு மிருகத்தின் வாய்க்குள் திணிக்கிறது. தேவதூதர் முதுகும் பிசாசின் முதுகும் ஒரே சுவரின் இருபுறம். இந்தச் சிற்பத்திலேயே நான் மிகவும் வியக்கும் அங்குலம் அதுதான்.

சொர்க்கத்தில் சீரான வளைவுகள், வரிசை, அமைதி. நரகத்தில் கால்வைக்க இடமில்லை. குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரன். கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கருமி. திருட்டு வேட்டைக்காரனை நெருப்பில் வாட்டும் முயல்தலைப் பேய். ஓர் அரசனின் மகுடத்தைப் பல்லால் பிடுங்கும் பேய். இன்னொரு பேய் வலைபோட்டுத் துறவிகளையே பிடித்திருக்கிறது. கூலி கொடுத்து இதைச் செதுக்கச் சொன்னது ஒரு துறவி மடம் என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தங்களையும் விட்டுவைக்காத அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். எதிர்ப்பக்கத்தில் ஷார்லமாஞ் பேரரசரை ஒரு மடத் தலைவர் கைப்பிடித்து இழுத்து வருகிறார். மன்னரின் நடையில் மிடுக்கே இல்லை, கூச்சம்தான் தெரிகிறது. எல்லாவற்றையும் சூழ்ந்த வளைவின் விளிம்பிலோ குட்டிக் குட்டித் தலைகள், கல் நாடாவை இரு கையாலும் பிடித்தபடி எட்டிப் பார்க்கின்றன. பார்வையாளராகிய நம்மையும் சிற்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

உள்ளே போனால் வேறொரு காலம். பக்கத்து ரோதெஸ் நகரில் 1919இல் பிறந்தவர் ஓவியர் பியேர் சூலாழ். கறுப்பு வண்ணத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். சிறுவனாக இந்தத் தேவாலயத்துக்கு வந்தபோதுதான் கலையே தன் வழி என்று முடிவெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1987 முதல் 1994 வரை உழைத்து இதன் 104 சாளரங்களுக்கும் கண்ணாடி அமைத்தார். அதில் உருவம் இல்லை, வண்ணமும் இல்லை. வெளிக்காட்சி தெரியாமல் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி அது. ஈயக் கோடுகள் நேராக நிற்காமல், சாய்ந்து மெல்ல வளைந்து போகின்றன. நாற்புறமும் கல் விறைத்து நிற்க, சாளரம் மட்டும் மூச்சு விடுகிறது. நேரம் போகப் போகக் கண்ணாடி தானாக நிறம் மாறும். ஒருபுறம் இளநீலம், மறுபுறம் இளஞ்சிவப்பு. அப்போது ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பழைய வண்ணச் சித்திரங்களைக் கழற்றினால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? ஆனாலும் சூலாழ் செய்ததே சரி என்பேன். சுவர்க் கற்களின் மஞ்சளும் செம்மையும் உள்ளபடி தெரிவது இந்த நிறமற்ற ஒளியில்தான்.

கருவூலத்தில் சேன்த் ஃபுவாவின் பொற்சிலையைத் தவறவிடாதீர்கள். மரத்தின்மேல் பொன்தகடு போர்த்தி, தலைக்குப் பழைய ரோமானிய முகம் ஒன்றைப் பொருத்தியது. பிரெஞ்சுப் புரட்சியில் நாடெங்கும் தேவாலயத் தங்கத்தை உருக்கியபோது, ஊரார் இங்குள்ள பொருள்களை வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். 1837இல் அரசின் நினைவுச் சின்ன ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ரோஸ்பேர் மெரிமே, இடிந்துவிடும் நிலையில் இருந்த தேவாலயத்தைப் பார்த்து அதை மீட்க வழி செய்தார்.

முழு ஊரையும் ஒரே பார்வையில் காண எதிர்மலையில் பங்காரெல் என்ற இடம் இருக்கிறது. தூர்தூ ஆற்றைக் கடந்து யாத்திரைப் பாதையில் மேற்கே ஏறினால் சிறு ஆலயமும் ஒன்று உண்டு. அங்கே ஊரைத் திரும்பிப் பார்க்கும் யாத்திரிகர்கள் மணியை அடித்துவிட்டுப் போவார்கள், ஓசை கீழே ஊர்வரை கேட்கும்.

காலையில் பேருந்தில் வந்து மதிய உணவோடு கிளம்பிவிடும் பயணத் திட்டத்தில் மட்டும் கோங்க்கைச் சேர்க்காதீர்கள். வாசல் மேற்கு நோக்கியது. சிற்பத்தின் மேல் வெயில் சாய்வாக விழுவது பிற்பகல் கடந்த பிறகுதான். அந்த வெயிலில்தான் பிசாசின் விரலுக்கு நிழல் உண்டு. கோடையில் இரவு உணவுக்குப் பிறகு துறவி ஒருவர் வாசலில் நின்று சிற்பத்தை உருவம் உருவமாக விளக்குவார். ஓர் இரவாவது அங்கே அறை எடுத்துத் தங்குங்கள்.