பாலையாவின் முகம்

இயக்குநர் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ 1964-இல் வந்தது. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவிடம் ஒரு திகில் கதை சொல்லும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அந்தக் காட்சியில் பிரம்மாண்டம் எதுவும் கிடையாது. சத்தங்களை எல்லாம் நாகேஷ் தன் வாயாலேயே எழுப்புகிறார். பாலையா அதிகம் பேசுவதே இல்லை. கதை வளர வளர அவர் கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. நமக்குச் சிரிப்பு வருவது சொல்பவரைப் பார்த்து மட்டுமல்ல. கேட்பவரின் முகத்தைப் பார்த்தும்தான். பேசுகிறவரைவிடக் கேட்கிறவரிடமே அதிகச் சிரிப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டது இயக்குநரின் கண். வசனகர்த்தா கோபுவின் எழுத்தும் இரண்டு மகா நடிகர்களும் அந்தக் கண்ணுக்குள் வந்து சேர்கிறார்கள்.

இதே ஸ்ரீதர்தான் 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தவர். ஏறக்குறைய முழுக் கதையையும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடத்தி, மூன்று மனங்களின் தவிப்பைச் சொன்னார். அந்தப் படத்தைக் கலை என்று ஒப்புக்கொள்ளத் தயங்காதவர்கள், சிரிக்க வைத்த படத்தை மட்டும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. அழவைக்கத் தெரிந்த அதே கைதான் சிரிக்கவும் வைத்தது.

அப்படி ஒதுக்குபவர்கள் வசூலைக் காரணம் காட்டலாம். ஆனால் வசூல் ஒரு படத்தைக் கலையாக்கிவிடாது. கலையைக் கெடுத்தும் விடாது. அறுபது ஆண்டுகள் கடந்தும் பாலையாவின் முகம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஸ்ரீதர் கலைஞர்தான்.