மகரக்கட்டு வந்த பிறகு

சிறுவர்களே எல்லா வேடமும் ஏற்று நடித்த பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளைக் குருகுலம் என்று கொண்டாடுவது நாடகக் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. போன மாதம் நாமக்கல்லில் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கம்பெனியை மறுபடி தொடங்க வேண்டும் என்றே பேசினார். அவர் காட்டிய சான்று, பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து திரை நாயகனான பி.யு.சின்னப்பா. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்குக் கைதட்டல் கூடுதல்தான். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்த 'உத்தம புத்திரன்' (1940), 'மனோன்மணி' (1942) இரண்டுக்கும் சின்னப்பாவே நாயகன்.

பயிற்சியின் பலனை நான் மறுக்கவில்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை போன குரல், பிசிறில்லாத உச்சரிப்பு, இரட்டை வேடத்தைச் சுமக்கும் துணிச்சல் எல்லாம் மேடை கொடுத்தவை.

ஆனால் சின்னப்பாவின் வாழ்க்கை குருகுலத்துக்குச் சான்று ஆகாது. 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டுத் திறத்தால் ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், ஆனார். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது, கம்பெனி வாழ்க்கை முடிந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் முறையாகச் சங்கீதம் கற்றார், சிலம்பம் பழகினார். ஸ்பெஷல் நாடகங்களில் ஆடி, 1936-ல் 'சந்திரகாந்தா' வழியாகத் திரைக்கு வந்தார். நாம் வியக்கும் சின்னப்பாவில் பாதி, கம்பெனிக்கு வெளியே அவர் தாமே தேடிக்கொண்டது.

குரல் உடைந்த பையனுக்குத்தான் வாத்தியார் அதிகம் வேண்டும். அந்த நேரத்தில் அவனைக் கைவிடும் இடத்தைக் குருகுலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே குழந்தையின் தொண்டைதான் முதலாளியின் முதல். அதற்காகப் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு போயிற்று. எம்.ஜி.ஆரும் சிவாஜியும்கூட ஏழெட்டு வயதில் கம்பெனிக்குப் போனவர்கள்தான்.

இப்படிச் சொன்னால், உடனே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைச் சொல்வார்கள். 1918-ல் மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியவர், அதில் நடித்த சிறுவன் டி.கே.சண்முகத்துக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகம் எழுதியவர். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல வாத்தியார் வாய்த்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். அதைக் கம்பெனி முறையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

சின்னப்பாவோடு அதே மேடையில் கோரஸ் பாடிய பையன்கள் எத்தனை பேர்? குரலும் போய், படிப்பும் இல்லாமல், பதினைந்து வயதில் எந்த ஊருக்கு ரயிலேறினார்கள்? நினைவுக் குறிப்பு எழுதியவர்கள் எல்லாரும் மேடையில் நிலைத்தவர்கள். திரும்பிப் போனவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் 'குருகுலம்' என்ற சொல் இவ்வளவு சுலபமாக நம் வாயில் வந்திருக்காது.

நாமக்கல்லில் கம்பெனி தொடங்குபவர்கள் தொடங்கட்டும். மாலையில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. குரல் உடைகிற வருஷத்தில் அந்தப் பையனுக்கு என்ன வேலை, என்ன பாடம் என்பதை முதல் நாளே அவன் வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.