கைநாட்டும் அமுதசுரபியும்

எம்.ஏ. தமிழில் மணிமேகலை என்றால் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: பசிப்பிணி தீர்த்த பாங்கை விளக்குக. நானும் நாலு பக்கம் எழுதினேன். நல்ல மார்க்தான். இப்போது அந்தக் காவியத்தைத் திரும்ப வாசிக்க வேண்டி வந்துவிட்டது. காரணம் என் அம்மாவின் ரேசன் கார்டு.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் காலனி. கடை ஊருக்குள். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. புளி தட்டிக் கொட்டை எடுத்தும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் தேய்ந்த விரல்கள். மெசினில் வைத்தால் ரேகை விழுவதில்லை. கார்டில் இருக்கிற இன்னொரு பெயர் தம்பியுடையது. அவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறான். வந்து ரேகை வைக்கவில்லை. "கார்டு லாக் ஆயிருக்கு, என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். இரண்டு மாதம் அரிசி இல்லை. அம்மா அரிசியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "ஊர்க்காரங்க எல்லாம் வரிசையில நின்னு பாத்துக்கினு இருக்காங்க. பத்து வெரலையும் ஒண்ணொண்ணா வெச்சிப் பாக்கறான். திருடியப் புடிச்சி வெச்சமாதிரி இருந்துச்சிடா" என்றாள்.

'லாக் ஆயிருக்கு.' இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். பூட்டப்பட்டது இருக்கிறது, பூட்டியவன் இல்லை. ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் மறித்தவனுக்கு முகம் இருந்தது, சாதி இருந்தது, வழக்குப் போடப் பெயர் இருந்தது. இங்கே தானாக நடந்துவிட்டதுபோல் பேசுகிறது அதிகாரம்.

மணிமேகலைக்கு வருவோம். அமுதசுரபியை முதலில் வைத்திருந்தவன் ஆபுத்திரன். பிறப்பைச் சொல்லிப் பார்ப்பனர்கள் விரட்டிய பையன். மதுரையில் பிச்சையெடுத்ததைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்றவன். அவனுக்குச் சிந்தாதேவி தந்த பாத்திரம் அது. பின்னாளில் மணிமேகலை கைக்கு வந்தபோது, அதில் முதல் பிச்சையை இடக் கற்புடைய ஆதிரை தேவைப்படுகிறாள். கற்பு என்கிற அந்த அளவுகோலோடு எனக்குச் சண்டை உண்டு. அதை வேறொரு கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கவனிக்க வேண்டியது, சோதனை இடுகிற கைக்குத்தான் என்பது. காயசண்டிகையின் யானைப்பசியைத் தீர்த்தபோது பாத்திரம் அவளிடம் நீ யார் என்று கேட்கவில்லை. இன்றைக்குச் சோதனை முழுக்க வாங்குகிற கைக்கு மாறிவிட்டது.

நம் பண்டிதர்கள் இதைப் பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கு மணிமேகலை என்றால் கொடை, ஈகை, அறம். கொடுப்பவனின் பெருமையிலேயே நின்றுவிட்ட வாசிப்பு அது. அந்த வாசிப்பிலிருந்துதான் ரேசன் அரிசியை 'இலவசம்' என்று ஏளனம் செய்கிற நாக்கும் வருகிறது.

அது இலவசமா? 1997-இல் மத்திய அரசு மக்களை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்றது. பெருமைப்பட வேண்டிய மறுப்பு. 2011 ஜூனிலிருந்து அரிசிக்கு விலையும் இல்லை. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு அதில் சேர்ந்தது 2016 நவம்பரில். உரிமையுள்ளவருக்குத் தானியம் தராவிட்டால் ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய ஒருவரைக்கூட எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. 2017-இல் ஸ்மார்ட் கார்டு, 2020 அக்டோபரில் கைரேகை. சட்டம் ஒரு கதவைத் திறந்தது, மெசின் அதில் பூட்டுப் போட்டது.

பூட்டு எதுவரை போகும் என்பதற்கு ஜார்க்கண்ட் இருக்கிறது. 2017 செப்டம்பரில் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி சோறு சோறு என்று கேட்டபடியே செத்துப்போனாள் என்றாள் அவள் தாய். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் கார்டு ரத்தாகியிருந்தது. மலேரியா என்றது அரசு. அந்தத் தாய் உச்சநீதிமன்றம் வரை போனாள்.

நம்மையும் விமர்சிக்க வேண்டும். தலித் எழுத்தில் பசி நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலும் பிள்ளைப்பிராயப் பசி, என்றோ கடந்துவந்த பசி. ரேசன் வரிசையில் இன்று நிற்கிற கிழவியை எத்தனை பேர் எழுதினோம்? நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மா திரும்பி வரும்வரை எனக்கு அது எழுதுகிற விஷயமாகவே தோன்றவில்லை.

'கைநாட்டு' என்பது நம்மைத் திட்டுகிற சொல்லாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் விடாதவர்களே, எழுதத் தெரியாததைச் சொல்லிச் சிரித்தார்கள். இன்று படித்தவனையும் கைநாட்டு வைக்கச் சொல்கிறது அரசு. அதிலும் அம்மா ஃபெயில்.

இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாமுக்கு அழைத்துப்போனேன். ரேகை விழாதவர்களுக்கும் பொருள் கொடுக்க வழி இருக்கிறது, முடியாதவர்களுக்கு பதில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவமும் இருக்கிறது. இரண்டு மாதமாக யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். படிவத்தை நான் நிரப்பினேன். கையெழுத்துப் போடத் தெரியாது என்றதும் மேசைக்காரர் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அம்மா இடது கைப் பெருவிரலைத் தோய்த்து அழுத்தினாள். தேய்ந்த ரேகை, நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு. அவர் பார்த்துவிட்டு, "சரி, போதும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.