பழனிக்குக் கூட்டமாக, கதிர்காமத்துக்குத் தனியாக

தை மாதத்தில் நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில் நின்று பார்த்தவருக்கும், ஆனிக் கடைசியில் இலங்கையின் உகந்தைமலை முருகன் கோயில் வாசலில் நின்று பார்த்தவருக்கும் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றுதான். வெறுங்கால், வெயிலில் வெளிறிய வேட்டி, தோளில் மூட்டை, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு, வாயில் அரோகரா. கிட்டப் போய், யாரோடு வந்தீர்கள் என்று கேட்டால்தான் இரண்டும் பிரிகின்றன. பழனிக்குப் போகிறவர் தன் ஊரின் பெயரை அல்லது குழுவின் பெயரைச் சொல்வார். கதிர்காமத்துக்குப் போகிறவர் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, "சாமியை நான் வெருகலிலதான் கண்டனான், அண்டையிலயிருந்து ஒண்டாத்தான் வாறம்" என்பார்.

இரண்டு வழியிலும் நடந்தவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். பழனிப் பாதையில் நட்பு ஊரிலிருந்தே கூட வருகிறது. கதிர்காமப் பாதையில் அது வழியில்தான் பிறக்கிறது.

பழனி யாத்திரைகளில் பழமையும் கட்டுக்கோப்பும் மிகுந்தது நகரத்தார் காவடி. பதினேழாம் நூற்றாண்டில் உப்பு வியாபாரத்துக்காகப் பழனிப் பக்கம் போன ஒரு செட்டியாரிலிருந்து இது தொடங்கியதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. பழனியோடு தொடர்புடைய பழைய ஆவணங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் ரட்னர், இந்த யாத்திரையையும் கோயில் கொடைகளையும் நகரத்தாரின் உள்நாட்டு வணிகம் பெருகிய கதையோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார். தேவகோட்டை, காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கிளம்பும் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுசேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனியை அடைகின்றன. காரைக்குடியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 160 கிலோமீற்றர். ரத்தின வேல் கூடவே வரும். எந்த ஊரில் தங்குவது, எந்த மடத்தில் பூசை, யார் முன்னே போவது என்பதெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே முடிவானவை. இந்த ஆண்டு தன் மகனைக் காவடி தூக்க அனுப்பும் தகப்பனுக்கு, அவன் எந்த மரத்தடியில் இளைப்பாறுவான் என்பதுகூடத் தெரியும்.

நகரத்தார் மட்டும் என்றில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரி நீர் எடுத்துத் தீர்த்தக் காவடியோடு வரும் கொங்கு நாட்டார் ஊர் ஊராகத்தான் வருகிறார்கள். எடப்பாடியிலிருந்து நடந்து வரும் பருவதராஜகுலத்தார் தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு மலையேறி, அங்கேயே பஞ்சாமிர்தம் தயாரித்து, ஓர் இரவு மலைக்கோயிலிலேயே தங்குகிறார்கள். வேறு எவருக்கும் இல்லாத உரிமை அது. பழனியில் ஒரு சமூகத்தின் மானமும் உரிமையும் நடையோடு கட்டப்பட்டிருக்கின்றன. சேர்ந்து நடப்பதே அந்த உரிமையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழி.

இந்தக் கூட்டங்களோடு நடப்பதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. சமையல் வண்டி முன்னே போய்விடும். குழுவுக்கு ஒரு குருசாமி இருப்பார். விடியுமுன் எழுப்புவார், வெயில் ஏறுமுன் ஒதுங்கச் சொல்வார், முதுகுப்பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சுக்குக் காப்பியும் தருகிறார்கள். முன்பின் தெரியாத பையன்கள் கீழே உட்கார்ந்து, வீங்கிய கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். அந்தக் கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஆனால் எண்ணெய் தேய்த்தவர் அங்கேயே தங்கிவிடுவார். நடந்தவர் எழுந்து தன் குழுவைத் தேடிப் போய்விடுவார். பழனிச் சாலையில் இலட்சக்கணக்கானவர்கள் ஒரே திசையில் நடக்கிறார்கள். ஆனாலும் ஒரு குழுவில் இருப்பவருக்கு அடுத்த குழுவில் இருப்பவரின் தேவை வருவதேயில்லை. குழுவை விட்டு விலகினாலும் கவலையில்லை, நத்தத்தில் பஸ் ஏறினால் சாயந்தரத்துக்குள் வீடு.

இது பழனிக்கு மட்டும் உரியதல்ல. மானிடவியலாளர் ஐராவதி கார்வே ஆளந்தியிலிருந்து பண்டர்பூருக்குப் போகும் வார்க்கரி யாத்திரிகர்களோடு நடந்து எழுதிய கட்டுரை இந்தியாவில் பாதயாத்திரை பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக முக்கியமானது. ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு, ஒரே வெயிலில் நடந்த மக்கள், சாப்பாட்டு நேரத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் மனம் நொந்து எழுதினார். அதன் பிறகு எவ்வளவோ மாறியிருக்கலாம். கூட்டம் ஊரிலேயே அமைந்துவிட்டால் ஊரின் வேலிகளும் கூடவே நடந்து வரும் என்று அவர் கண்டது மட்டும் இன்னும் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

கதிர்காமத்துக்கான நெடுவழி தொடங்குவது யாழ்ப்பாணத்தின் வடகரையில், தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில். அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற அந்தக் கோயிலில் பூசை செய்வோர் கதிர்காமத்தைப் போலவே வாயைத் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து வேலை ஏந்திக்கொண்டு ஒரு சிறு கூட்டம் புறப்படும். வற்றாப்பளை அம்மன் கோயில், திருகோணமலை, வெருகல், வாகரை, சித்தாண்டி, மட்டக்களப்பு மாமாங்கம், சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. பிறகு காடு. மொத்தம் 800 கிலோமீற்றர் அளவு, ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆடித் திருவிழாவுக்கு இப்படி நடக்க முடிவதற்கு இந்தக் கரையின் பருவமும் ஒரு காரணம். கிழக்குக்கு மழை தருவது வாடைக்காலந்தான். ஆனி ஆடியில் ஆறுகள் வற்றிக் கிடக்கும், களிமண் காய்ந்து கால் வைக்க இடம் தரும். தையில் அறுவடை முடிந்த கையோடு பழனிக்குப் போகும் தமிழ்நாட்டு விவசாயியின் கணக்கும் இதே மாதிரித்தான், மாதம் மட்டுமே வேறு.

ஒன்றரை மாதம் வீட்டை விட்டு வர ஓர் ஊரே சேர்ந்து கிளம்ப முடியாது. கிளம்புகிறவர்கள் தனி ஆட்கள். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்ட கிழவிகள், ஓய்வூதியம் எடுத்த வாத்திமார், தோட்டத்திலிருந்து லீவு எடுத்து வந்த மலையகப் பொடியன், காணாமற்போன மகனுக்காக நேர்ந்துகொண்ட தாய். முதல் சில நாட்களுக்கு ஒவ்வொருவரும் தன் உரப்பையைத் தானே தூக்கிக்கொண்டு, தன் பாட்டில் நடப்பார்கள். எல்லாரும் எல்லாருக்கும் சாமி, பெண்கள் அம்மா. பெயரை யாரும் அவசரப்பட்டுக் கேட்பதில்லை. ஊர் கேட்பதும் மெதுவாகத்தான், ஏனென்றால் எந்த ஊரைச் சொன்னாலும் அதன் பின்னால் ஒரு இடப்பெயர்வுக் கதை இருக்கும். எனக்கு முன்னால் நடந்த ஓர் அம்மா, காலில் கொப்புளம் உடைந்த இளைஞன் ஒருவனை மரத்தடியில் இருத்தி, "அவதிப்படாத தம்பி, சாமி எங்கயும் ஓடிப்போகாது" என்று சொல்லித் தன் சீலைக் கரையைக் கிழித்துக் கட்டிவிட்டார். அன்று மாலையிலிருந்து அந்தப் பொடியனுக்கு இரண்டு மூட்டைகள், தன்னதும் அந்த அம்மாவினதும்.

உகந்தையைத் தாண்டினால் இந்தப் பழக்கம் கட்டாயமாகிவிடுகிறது. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே காட்டுப்பாதையைத் திறப்பார்கள். குமண காட்டுக்குள் நுழைந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று போகும் வழி. இங்கே திரும்பிப்போக பஸ் இல்லை. யானையும் கரடியும் உள்ள இடம், ஆதலால் யாரும் தனியே பின்தங்கக் கூடாது. மிகவும் மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம் ஆகிறது. தண்ணீர் வற்றிய ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். ஒருவர் தோண்ட, ஒருவர் சிரட்டையால் அள்ள, ஒருவர் சீலைத் துணியால் வடிக்க வேண்டும். ஒருவரிடம் அரிசி, ஒருவரிடம் பருப்பு, வேறொருவரிடம் தேங்காய். எல்லாம் ஒரே பானைக்குள் போகும். ஆளுக்கொரு அடுப்பு மூட்ட விறகும் இல்லை, நேரமும் இல்லை. ஐராவதி கார்வே கண்ட தனிப்பந்தி இங்கே நடைமுறையிலேயே சாத்தியமில்லாமல் போகிறது. மனிதர்கள் இங்கே இயல்பாகவே மேலானவர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் யாழ்ப்பாணத்துக் கோயில் வாசல்களில் சாதி நின்ற வரலாறு எல்லாருக்கும் தெரியும். காட்டில் அது நிற்க இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

வழியில் கிடைக்கும் உறவு நடப்பவர்களோடு முடிவதுமில்லை. கிழக்குக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் குளிர்பானத்தை வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு முஸ்லிம் இளைஞர்கள் வழியில் நிற்பதைப் பார்க்கலாம். பாணமை, சிங்களமும் தமிழும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒன்றாகிப்போன கிராமம். காட்டுக்குள் தண்ணீர்த் தாங்கி வைத்து நிரப்புவதும், மயங்கி விழுந்தவருக்கு மருந்து கொடுப்பதும் பெரும்பாலும் இராணுவத்தினர். போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு தாய் அந்தச் சிப்பாயின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது இருவர் மனத்திலும் என்ன ஓடுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் குடிக்கிறார், அவன் மறுபடி ஊற்றுகிறான். கதிர்காமத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முருகன் சந்நிதியும், கிரிவெஹரத் தாதுகோபமும், பள்ளிவாசலும் எட்டி நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சிங்களவரும் "ஹரோ ஹரா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்தப் பாதை அறுந்து போயிருந்த காலமும் உண்டு. 1983க்குப் பிறகு வடக்கிலிருந்து நடப்பது நின்றுபோனது. 1988இல் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் கிழக்கிலிருந்து ஒரு சிலரோடு நடந்து இதை மீண்டும் உயிர்ப்பித்தார். 1972இல் ஜேர்மன் சாமி என்று அறியப்பட்ட கௌரிபாலரோடு தன் முதல் நடையாக இவ்வழியை நடந்தவர் அவர். சோதனைச் சாவடிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் நடுவே அந்த ஆண்டுகளில் நடந்த கிழவர்களும் கிழவிகளும் இல்லாவிட்டால் தங்குமிடங்களின் பெயர்கள்கூட இன்று நமக்குத் தெரிந்திராது. பழனிக்கு மடங்கள் இருக்கின்றன, ஆவணங்கள் இருக்கின்றன, உரிமை கொண்டாடும் சமூகங்கள் இருக்கின்றன. ஒரு தலைமுறை நடக்காமல் விட்டாலும் அடுத்த தலைமுறை ஏட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். கதிர்காம நெடுவழிக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. போன ஆண்டு நடந்தவர் இந்த ஆண்டு நடப்பவருக்குக் காட்டிக்கொடுத்தால் உண்டு.

அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நகரத்தார் பழனியிலிருந்து திரும்பும்போதும் நடந்தே திரும்புகிறார்கள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே வீடு வருகிறார்கள், அடுத்த கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்கிறார்கள். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் நீர்வெட்டுச் சடங்கோடு திருவிழா முடிந்ததும் ஆளுக்கொரு பஸ். ஒன்றரை மாதம் ஒரே பானையில் உண்டவர்கள் திஸ்ஸமகாராம சந்தியில் பிரிந்துபோகிறார்கள். தொலைபேசி இலக்கம் எழுதிக்கொள்வோம், சிலர் பேசுவோம், பலர் பேசமாட்டோம். சந்நிதியில் அடுத்த வைகாசியில் மறுபடி கண்டால் கண்டதுதான். பழனி தரும் ஆயுட்கால உறவை இந்தப் பாதை அநேகமாகத் தருவதில்லை.

அண்மைக்காலத்தில் இந்தப் பாதையில் ஒரு மாற்றம் வேகமாக நடந்துவருகிறது. உகந்தைக்கு வானிலும் பஸ்ஸிலும் வந்து, காட்டுப் பகுதியை மட்டும் நடந்துவிட்டுப் போகிறவர்கள் பல்லாயிரம் பேர். அலுவலக நண்பர்கள், விளையாட்டுக் கழகத்தார், ஒரே தெருக்காரர் என்று முன்கூட்டியே சேர்ந்த குழுக்களாக வருகிறார்கள். ஒரே நிற ரீ-சேட், தங்கள் சமையல் பாத்திரம், தங்கள் சாப்பாடு. பக்தியில் அவர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒற்றைப் பானை பல பானைகளாகி, காட்டில் அவர்கள் விட்டுப்போகும் பிளாஸ்ரிக் போத்தல்களை அடுத்த வாரம் தொண்டர்கள் பொறுக்கும் நிலை வந்துவிட்டது. சந்நிதியிலிருந்து முழுவதும் நடப்பவர்களோ இன்னும் சிறு கூட்டந்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து நடக்க விரும்பும் நண்பர்கள் எங்கே சேர்வது என்று என்னைக் கேட்பதுண்டு. உகந்தையில் சேர வேண்டாம் என்றே அவர்களுக்குச் சொல்கிறேன். முழு வழியும் நடக்க லீவு கிடைக்காவிட்டால் வெருகலில் சேருங்கள், அதுவும் முடியாவிட்டால் மண்டூரில். தனியாக வாருங்கள், ஊர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். மூட்டையில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள், வழியில் யாருடையதாவது அதில் ஏறத்தான் போகிறது. காடு தொடங்குவதற்குள் குறைந்தது பத்து நாளாவது மற்றவர்களோடு நடந்திருக்க வேண்டும். குமுக்கன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஆண்டும் வரும். அப்போது யாருடைய கையைப் பிடிப்பது என்பது உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும்.