ஸ்மாஷ் ஹிட்ஸ்: சுவருக்குப் போன பத்திரிகை

பதின்பருவத்தினருக்கான இசைப் பத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டனின் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ நல்ல உதாரணம். 1978-இல் அதைத் தொடங்கிய நிக் லோகன், அதற்கு முன் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழின் ஆசிரியர். அந்த இதழ் செய்தித்தாள் காகிதத்தில் நீண்ட விமர்சனங்களை அச்சிட்டது. ஸ்மாஷ் ஹிட்ஸோ வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு, இரு வாரத்துக்கு ஒருமுறை வந்தது.

அதன் உயிர்நாடி பாட்டு வரிகள்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்த பாடல்களின் வரிகள் பாடகர்களின் படங்களோடு சேர்ந்தே வந்தன. கூடவே பாடத் துடிக்கும் வயதுக்கு வேறென்ன வேண்டும்!

இத்தகைய இதழ்களில் நடுப்பக்கம் போஸ்டருக்கு உரியது. பின்னை நிமிர்த்தினால் தாள் கிழியாமல் கையோடு வரும். படத்தின் மேல் எழுத்து கூடாது. பின்புறத்தில் முக்கியமான கட்டுரையும் கூடாது, அது சுவரைப் பார்த்தே கிடக்கும்.

எழுத்து நடையும் வடிவமைப்பில் சேர்ந்ததே. நட்சத்திரங்களைச் செல்லமாகக் கிண்டலடித்தது இந்த இதழ். வாசகரை மட்டும் ஒருபோதும் மட்டம் தட்டவில்லை. அங்கே பணியாற்றிய நீல் டென்னன்ட் பிறகு ‘பெட் ஷாப் பாய்ஸ்’ பாடகராகி, அதே இதழின் பக்கங்களில் இடம்பிடித்தார். இதழ் 2006-இல் நின்றது.